தண்டிக்கப்பட்டவர் ஏன் அரியணையைக் காத்தார்?

கேள்வி இதுதான்: 19-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் பிராக்செதெஸ் மத்தேயோ சகாஸ்தா, அரசி இரண்டாம் இசபெல்லுக்கு எதிரான கலகத்தில் சேர்ந்து மரண தண்டனை வாங்கியவர். பின்னாளில் அதே அரசியின் மகனுக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் பிரதமராக இருந்தார். மொத்தம் ஏழு முறை பிரதமர். இவரைப் பச்சோந்தி என்று சொல்வதில் என்ன தவறு?

தவறு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் அவரை முழுதாகக் காப்பாற்றவும் என்னால் முடியாது. 1868-இல் எந்தச் சட்டங்களுக்காகப் புரட்சி செய்தாரோ, அவற்றில் பெரும்பாலானவற்றை 1890-க்குள் மன்னராட்சியின் கீழேயே நிறைவேற்றிக் காட்டினார். அதனால் கொள்கையை விட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் செய்த பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மக்களுக்கு ஓட்டு கொடுத்த அதே கையால், அந்த ஓட்டை எண்ணும் வேலையை ஊர்ப் பெரிய மனிதர்களிடம் ஒப்படைத்தார். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த "ஏழு முறை" கணக்கைச் சரிசெய்துவிடலாம். முதல் முறை (1871-72) அவர் பிரதமரானது இத்தாலியிலிருந்து வந்த மன்னர் அமதேயோவின் கீழ். இரண்டாம் முறை (1874) மன்னரே கிடையாது, பெயரளவில் குடியரசு. மீதி ஐந்து முறைதான் (1881-83, 1885-90, 1892-95, 1897-99, 1901-02) இசபெல்லின் போர்போன் குடும்பம் திரும்பி வந்த பிறகு. ஒரே மனிதர் மூன்று வகை ஆட்சிகளில் பிரதமராக இருந்திருக்கிறார். அவர் காலத்து ஸ்பெயின் எவ்வளவு கொந்தளிப்பில் இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சகாஸ்தா 1825 ஜூலை 21 அன்று ரியோகா பகுதியின் மலை ஊரான தோர்ரெசியாவில் பிறந்தார். அப்பா வியாபாரி, லிபரல் கருத்து உள்ளவர். மாட்ரிட்டில் சாலைப் பொறியியல் படித்தார். 1848-இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி கிளம்பியபோது, அரசிக்கு விசுவாசம் தெரிவிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்த மாணவர் இவர் ஒருவர்தான் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. படிப்பு முடிந்ததும் சாமோரா மாகாணத்தில் பொதுப்பணிப் பொறியாளர் வேலை. 1854-இல் புரட்சி வெடித்தபோது சாமோராவின் புரட்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்த மாகாணமே அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது.

சாமோராவில் இன்னொன்றும் நடந்தது. ஆங்ஹெலா விதால் என்ற பெண்ணை வீட்டார் வற்புறுத்தி ஒரு ராணுவ அதிகாரிக்கு மணம் முடித்திருந்தார்கள். அவர் அந்த மணத்தை விட்டு வெளியேறி சகாஸ்தாவோடு வாழ வந்துவிட்டார். விவாகரத்து என்பதே சட்டத்தில் இல்லாத நாடு. சட்டப்படியான கணவர் இறந்த பிறகு, 1885-இல்தான் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அதற்குள் பிள்ளைகள் பெரியவர்களாகி, சகாஸ்தாவும் நாட்டின் பிரதமராக இருந்து முடித்திருந்தார். ஊர் என்ன பேசியிருக்கும் என்று நமக்குத் தெரியும். முப்பது வருடம் அந்தப் பேச்சைத் தாங்கி நின்றவரைப் பச்சோந்தி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, அரசியலுக்கு வருவோம். 1856-இல் ஜெனரல் ஓ'தொன்னெல் படையைக் கொண்டு அந்த நாடாளுமன்றத்துக்கு முடிவு கட்டினார். சகாஸ்தா குடிமக்கள் படையில் நின்று எதிர்த்துவிட்டுப் பிரான்சுக்குத் தப்பினார். பிறகு திரும்பி வந்து, 1863 முதல் 'லா இபேரியா' என்ற முற்போக்குக் கட்சிப் பத்திரிகையை நடத்தினார். அரசி இசபெல், முற்போக்குக் கட்சியை ஆட்சிக்கு அழைப்பதே இல்லை. நாற்காலிக்கு வர ஓட்டுப் பெட்டி வழியாகப் பாதை இல்லாததால் எல்லோரும் ராணுவ முகாம்களையே பார்த்தார்கள். 1866 ஜூன் 22-இல் மாட்ரிட்டின் சான் ஹில் முகாமில் பீரங்கிப் படை சார்ஜண்டுகள் கலகம் செய்தார்கள். கலகம் ஒரே நாளில் நசுக்கப்பட்டது. பெரும்பாலும் சார்ஜண்டுகளான அறுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். பின்னணியில் இருந்த சகாஸ்தாவுக்குக் கழுத்தை இறுக்கிக் கொல்லும் தண்டனை. ஆனால் ஆள் அகப்படவில்லை. மறுபடி பிரான்ஸ்.

இரண்டு வருடத்தில் நிலைமை தலைகீழானது. 1868 செப்டம்பரில் முற்போக்குக் கட்சித் தலைவரான ஜெனரல் பிரிம்மோடு லண்டனிலிருந்து ஜிப்ரால்டர் வழியாகக் காதிஸ் வந்து சேர்ந்தார் சகாஸ்தா. கடற்படை புரட்சியின் பக்கம் சாய்ந்தது. 28-ஆம் தேதி அல்கோலேயாவில் அரசியின் படை தோற்றது. 30-ஆம் தேதி இசபெல் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனார். அக்டோபரில் அமைந்த தற்காலிக அரசில் சகாஸ்தா உள்துறை அமைச்சர்.

அடுத்த ஆறு வருடங்களைப் படிக்காமல் சகாஸ்தாவைப் புரிந்துகொள்ள முடியாது. 25 வயதான எல்லா ஆண்களுக்கும் ஓட்டு கொடுத்து 1869 ஜனவரியில் தேர்தல் நடந்தது. ஜூனில் புதிய அரசியல் சட்டம்: மத சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை, சங்கம் வைக்கும் உரிமை, ஜூரி விசாரணை. தாளில் பார்த்தால் ஐரோப்பாவிலேயே துணிச்சலான சட்டங்களில் ஒன்று. ஆனால் 1870 டிசம்பர் 27-இல் மாட்ரிட் தெருவில் பிரிம்மைச் சுட்டார்கள், மூன்று நாளில் இறந்தார். அவர் தேடிப் பிடித்த மன்னர் அமதேயோ வந்து இறங்கியபோது அவரைத் தாங்க ஆளே இல்லை. ஸ்பெயினின் காலனியான கியூபாவில் 1868 முதல் விடுதலைப் போர். வடக்கே, அரச குடும்பத்தின் மற்றொரு கிளைக்கே அரியணை என்று சொன்ன கார்லிஸ்டுகளின் உள்நாட்டுப் போர். புரட்சியைச் செய்தவர்களே இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கம் சகாஸ்தா, மறு பக்கம் ரூயிஸ் சொர்ரியா. 1873 பிப்ரவரி 11-இல் அமதேயோ முடியைத் துறந்து ஊருக்குக் கிளம்பிவிட்டார். வந்த குடியரசு பதினோரு மாதத்தில் நான்கு தலைவர்களைப் பார்த்தது. 1874 ஜனவரி 3-இல் ஜெனரல் பாவியா நாடாளுமன்றத்துக்குள் படையை அனுப்பி அதையும் முடித்தார்.

இந்தக் காலத்தில் சகாஸ்தாவின் கையில் ஒட்டிய ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். 1872-இல் பிரதமராக இருந்தபோது, கடல்கடந்த பிரதேசங்களுக்கான அமைச்சகத்தின் கணக்கிலிருந்து 20 லட்சம் ரியால் உள்துறைக்கு மாற்றப்பட்டது. ரகசியப் போலீஸ் செலவு என்று விளக்கம் சொன்னார்கள். தேர்தல் செலவு என்று நாடு புரிந்துகொண்டது. அந்த மே மாதமே அவர் ஆட்சி விழுந்தது. உள்துறை அமைச்சராக இருந்த நாள்களிலேயே தேர்தலை எப்படி "நடத்துவது" என்று அவர் கற்றுக்கொண்டிருந்தார். ஆளுநர்கள் மூலம் அழுத்தம் கொடுப்பதற்கு அன்றைய அரசியல் மொழியில் 'அரசின் தார்மீகச் செல்வாக்கு' என்று பெயர். இந்தப் பழக்கம் பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குத் திரும்ப வருகிறேன்.

1874 செப்டம்பரில் அவர் மறுபடி பிரதமர். டிசம்பர் 29-இல் சகுந்தோ ஊரருகே ஜெனரல் மார்தினெஸ் காம்போஸ் படையின் முன்னால் நின்று, இசபெல்லின் 17 வயது மகன் அல்ஃபோன்சோவை மன்னராக அறிவித்தார். எதிர்க்கப் படை எதுவும் முன்வரவில்லை. சகாஸ்தா பதவியை விட்டு வீட்டுக்குப் போனார்.

பச்சோந்திக் குற்றச்சாட்டு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. ரூயிஸ் சொர்ரியா பாரிஸில் உட்கார்ந்து, அடுத்த கலகத்துக்குச் சார்ஜண்டுகளைத் தேடும் வழியில் போனார், சாகும் காலம் வரை அதையே செய்தார். சகாஸ்தா வேறு கணக்குப் போட்டார். முகாம் வழியாக வந்த ஒவ்வொரு சுதந்திரமும் முகாம் வழியாகவே போய்விட்டது. 1856-இலும் 1874-இலும் அதைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். புதிய மன்னராட்சியின் சிற்பி கானோவாஸ் தெல் காஸ்தியோ, 1876 அரசியல் சட்டத்தை வேண்டுமென்றே நெகிழ்வாக எழுதியிருந்தார். உரிமைகளின் பெயர்களைச் சொல்லிவிட்டு, விவரத்தைப் பின்னால் வரும் சட்டங்களுக்கு விட்டிருந்தார். அந்தக் காலியிடத்தில் 1869-ஐ எழுதலாம் என்று சகாஸ்தா கண்டுகொண்டார். கானோவாஸுக்கும் இரண்டாவது கட்சி ஒன்று தேவைப்பட்டது. லிபரல்களை அரண்மனைக்கு வெளியே நிறுத்தியதால்தான் இசபெல் முடி இழந்தார் என்பது அவருக்குத் தெரியும்.

1880-இல் சகாஸ்தா பல குழுக்களை ஒட்டவைத்து லிபரல் கட்சியைக் கட்டினார். அந்தக் கூட்டில் ஒருவர், சகுந்தோவில் அவரைக் கவிழ்த்த அதே மார்தினெஸ் காம்போஸ். 1881 பிப்ரவரியில் மன்னர் அழைத்து சகாஸ்தா ஆட்சி அமைத்தபோது போர் அமைச்சர் பதவி அவருக்குத்தான் போனது. படிக்கும்போது திகைப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஜெனரலை மேசைக்கு இந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டால் அவர் அந்தப் பக்கத்திலிருந்து துப்பாக்கி நீட்ட மாட்டார். அந்த முதல் ஆட்சியிலேயே, 1875-இல் கருத்துக்காக நீக்கப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். 1883-இல் பத்திரிகைகளின் விலங்கு கழன்றது.

1885 நவம்பர் 25. மன்னர் பன்னிரண்டாம் அல்ஃபோன்சோ காசநோயால் எல் பார்தோ அரண்மனையில் இறந்தார். 28 வயது நிறைய மூன்று நாள் பாக்கி. ஆண் வாரிசு இல்லை. அரசி மரியா கிறிஸ்தீனா ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர், கர்ப்பிணி. கார்லிஸ்டுகளும் குடியரசுக்காரர்களும் காத்திருக்கிறார்கள். அப்போது கானோவாஸ் தானாகவே பதவி விலகி ஆட்சியைச் சகாஸ்தாவிடம் கொடுத்தார். இதற்கு 'பார்தோ ஒப்பந்தம்' என்று பெயர். ஒருவர் ஆளும்போது மற்றவர் கவிழ்க்கச் சதி செய்யக் கூடாது, ஒருவர் போட்ட சட்டத்தை மற்றவர் வந்து கிழிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். அடுத்த மே 17-இல் பிறந்த குழந்தை, பிறக்கும்போதே மன்னரான பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ. தொட்டிலில் இருந்த அந்த அரியணையைக் காக்கும் பொறுப்பு, ஒரு காலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவரிடம் வந்தது.

1886 செப்டம்பரில் பிரிகேடியர் வியாகாம்பா மாட்ரிட்டில் குடியரசுக் கலகம் செய்து பிடிபட்டார், மரண தண்டனை விதிக்கப்பட்டது. இருபது வருடத்துக்கு முன் சகாஸ்தா சிக்கிய அதே குற்றம், அதே நகரம். தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. ராணுவத்துக்குள் கடும் அதிருப்தி கிளம்பியது, அமைச்சரவையையே மாற்ற வேண்டியிருந்தது. என்றாலும் அந்த உயிர் தப்பியது. சகாஸ்தாவின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது.

பிறகு வந்த நான்கு வருடங்கள்தான் அவர் வாழ்க்கையின் உச்சம். அந்த நாடாளுமன்றம் ஏறக்குறைய ஐந்து வருடம் நீடித்ததால் அதற்கு 'நீண்ட பார்லிமெண்ட்' என்றே பெயர். 1886 அக்டோபரில் கியூபாவில் அடிமை முறையின் கடைசி வடிவம் ஒழிந்தது. 1880-இலேயே அடிமைத்தனத்தை ஒழித்துவிட்டதாகச் சொல்லி, அதே மனிதர்களைப் பழைய எசமானர்களின் கீழ் எட்டு வருடம் 'பாதுகாப்பில்' வைத்திருந்தார்கள். அந்த ஏமாற்றை அதன் தவணை முடியும் முன்பே வெட்டினார்கள். 1887-இல் சங்கங்கள் சட்டம் வந்தது. அதன் நிழலில்தான் அடுத்த வருடம் பார்சலோனாவில் யு.ஜி.டி. என்னும் தொழிற்சங்கம் வெளிப்படையாகத் தொடங்கப்பட்டது. 1888-இல் ஜூரி விசாரணை திரும்பியது. 1889-இல் சிவில் சட்டத் தொகுப்பு. ஸ்பெயின் 1812 முதல் வாக்குறுதி கொடுத்துக் கொடுத்து நிறைவேற்றாமல் விட்ட வேலை அது. 1890 ஜூன் 26-இல் 25 வயதான எல்லா ஆண்களுக்கும் மறுபடி ஓட்டுரிமை. சுமார் 8 லட்சமாக இருந்த வாக்காளர்கள் ஏறக்குறைய 48 லட்சம் ஆனார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு கட்டுக்கோப்பான கட்சியை வைத்து அவர் செய்யவில்லை. தானிய விலைக்காக இறக்குமதி வரி கேட்ட காஸ்தில் நிலக்காரர்களின் தலைவர் கமாசோவும், தடையில்லா வணிகம் பேசிய மோரெத்தும் ஒரே கட்சியில் இருந்தார்கள். ஜெனரல்களும் இருந்தார்கள், பழைய குடியரசுக்காரர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தட்டிக்கொடுத்து, தள்ளிப்போட்டு, சிரிக்கவைத்து ஒன்றாக ஓட்டியதால்தான் அவருக்குக் 'கிழட்டு மேய்ப்பர்' என்ற பட்டப்பெயர் வந்தது. ஓட்டும் ஜூரியும் சட்டமானதும், குடியரசின் முன்னாள் தலைவர் காஸ்தெலார் தன் ஆதரவாளர்களை லிபரல் கட்சியில் சேரச் சொன்னார். 1868-இல் புரட்சி செய்தவர்களின் பெரும் பகுதி இப்படி ரத்தம் சிந்தாமல் நாடாளுமன்றத்துக்குள் வந்து சேர்ந்தது.

இதே காலத்தில் அவர் தவறவிட்ட ஒன்று உண்டு. வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு பத்திதான் கிடைக்கும், ஆனால் எனக்கு இது மனதை விட்டு அகலுவதே இல்லை. ஸ்பெயினில் கட்டாய ராணுவச் சேவை இருந்தது. சீட்டுக் குலுக்கலில் பெயர் வந்தவர் போக வேண்டும். ஆனால் பணம் கட்டி விலகலாம். கடல்கடந்த சேவைக்கு அந்தத் தொகை 2,000 பெசெத்தா. ஒரு கூலித் தொழிலாளி பல வருடம் சாப்பிடாமல் சேர்த்தாலும் கட்ட முடியாத பணம். 1868 புரட்சியின் மேடைகளில் முழங்கிய முதல் வாக்குறுதியே இந்த முறையை ஒழிப்பதுதான். அடுத்த வருடமே அதை மீறினார்கள். 1887-இல் போர் அமைச்சர் ஜெனரல் கஸ்ஸோலா, பணம் கட்டி விலகும் வழியை மூடி எல்லோரும் சேவை செய்ய வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். கானோவாஸ் எதிர்த்தார், மூத்த ஜெனரல்கள் எதிர்த்தார்கள், பணக்கார வீடுகள் முணுமுணுத்தன. சகாஸ்தா கட்சி உடையாமல் இருக்க வேண்டும் என்று மசோதாவை இழுத்தடிக்க விட்டார். 1888 ஜூனில் கஸ்ஸோலா பதவி விலகினார். பத்து வருடம் கழித்து இதன் விலை தெரிந்தது.

இனி தேர்தல் விஷயம். முறை இப்படித்தான் ஓடியது. ஆளும் கட்சி களைத்துவிட்டால் மன்னர் (அல்லது அரசி) மற்ற கட்சித் தலைவரை அழைத்துப் பிரதமராக்குவார், நாடாளுமன்றத்தைக் கலைக்கும் ஆணையும் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் தேர்தல். உள்துறை அமைச்சர் எல்லாத் தொகுதிகளையும் ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் யார் என்று எழுதுவார். எதிர்க்கட்சித் தலைவரோடு பேசி அவருக்கும் ஒரு கௌரவமான பங்கு ஒதுக்குவார். இதற்கு 'என்காசில்லாதோ', அதாவது கட்டத்தில் அடைப்பது, என்று பெயர். பிறகு மாகாண ஆளுநர்கள் அந்தப் பட்டியலை ஊர்களுக்குக் கொண்டுபோவார்கள். ஊரில் அதை நடத்திக் கொடுப்பவர் 'கசீக்'. கரீபியன் தீவுகளின் பழங்குடித் தலைவர்களைக் குறித்த சொல் அது. இங்கே அவர் நிலக்காரராகவோ வக்கீலாகவோ கடன் கொடுப்பவராகவோ இருப்பார். வேலை வேண்டுமா, வழக்கு நகர வேண்டுமா, மகனை ராணுவச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டுமா, அவரிடம்தான் போக வேண்டும். நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்படியும் கணக்கு இடித்தால் கள்ள ஓட்டு. இறந்தவர் பெயரில் விழும் ஓட்டுக்கு, பைபிளில் உயிர்த்தெழுந்தவரின் நினைவாக 'லாசரோ' என்று பெயர். ஓட்டு எண்ணிக்கையில் மோசடி செய்வதற்குப் 'புச்செராசோ' என்று பெயர். புச்செரோ என்றால் சமையல் பானை.

1876 முதல் சகாஸ்தாவின் காலம் முடியும் வரை, தேர்தலை நடத்திய எந்த அரசும் அந்தத் தேர்தலில் தோற்கவில்லை. 48 லட்சம் பேருக்கு ஓட்டு கொடுத்த பிறகும் அப்படித்தான். புதிய சட்டப்படி முதல் தேர்தலை 1891-இல் நடத்தியது கானோவாஸ், வென்றதும் அவரே. 1893-இல் நடத்தியது சகாஸ்தா, வென்றதும் அவரே. பெரிய நகரங்களில் மட்டும் பிடி நழுவியது. 1893-இல் மாட்ரிட்டிலேயே குடியரசுக்காரர்கள் வென்றார்கள். ஆனால் நகரங்களை விழுங்கும் அளவுக்குக் கிராமங்கள் இருந்தன. சோஷலிஸ்ட் கட்சியின் பாப்லோ இக்லேசியஸ், அதன் முதல் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் நுழைய 1910 ஆனது.

இதைக் கண்டுபிடித்தவர் சகாஸ்தா என்று சொல்வது நியாயமில்லை. அவருக்கு முன்பும் இருந்தது, கானோவாஸும் சம பங்காளி. என் வருத்தம் வேறு. ஓட்டுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தவருக்கு அதை உயிரோடு வைத்திருக்கக் கூடுதல் கடமை இருந்தது. ஆளுநர்களைக் கட்டிப்போட, வாக்காளர் பட்டியலைச் சுத்தமாக்க, ஒரு தேர்தலையாவது தோற்கத் தயாராக இருக்க அவரால் முடிந்திருக்கும். தோற்றால் நாடு மறுபடி முகாம்களுக்குப் போய்விடும் என்ற பயம் அவரை விடவில்லை. 1866-ஐ உள்ளுக்குள் சுமந்தவர் அவர். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்குச் சம்மதிக்க முடியவில்லை.

இப்போது 1898. கியூபாவில் 1895 பிப்ரவரி 24-இல் மறுபடி விடுதலைப் போர் தொடங்கியபோது சகாஸ்தாதான் பிரதமர். அதற்கு முன்பே அவருடைய அமைச்சர் மௌரா, தீவுக்குக் கொஞ்சம் தன்னாட்சி தரும் திட்டம் வைத்திருந்தார். சொந்தக் கட்சியே ஆதரிக்காததால் மௌரா 1894-இல் விலகினார். 1895 மார்ச்சில் ஆட்சி கானோவாஸிடம் போனது. அவர் அனுப்பிய ஜெனரல் வெய்லர், கிராம மக்களைக் கூட்டம் கூட்டமாக முகாம்களில் அடைத்தார், பசியிலும் நோயிலும் பெருந்திரளானோர் செத்தார்கள். 1897 ஆகஸ்ட் 8-இல் அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரரான இத்தாலிய அனார்கிஸ்ட் ஆஞ்ஜியோலில்லோ, சாந்தா ஆகெதா குளியல் விடுதியில் கானோவாஸைச் சுட்டுக் கொன்றார். அக்டோபரில் சகாஸ்தா திரும்பி வந்தார். 72 வயது.

வந்தவுடன் வெய்லரைத் திரும்ப அழைத்தார். நவம்பரில் கியூபாவுக்கும் புவேர்த்தோ ரிக்கோவுக்கும் தன்னாட்சி அறிவித்தார். 1898 ஜனவரி 1-இல் ஹவானாவில் தன்னாட்சி அரசு பதவியேற்றது. நான்கு வருடம் முன்பு வந்திருந்தால் பலித்திருக்கலாம். பிப்ரவரி 15-இல் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் 'மெய்ன்' வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரலில் அமெரிக்காவோடு போர்.

வெல்ல முடியாது என்று அட்மிரல் செர்வேரா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அவருடைய புத்தம் புதிய கப்பலான 'கிறிஸ்தோபல் கொலோன்' தன் பெரிய பீரங்கிகள் பொருத்தப்படாமலேயே அட்லாண்டிக்கைக் கடந்தது. மே 1-இல் மணிலா விரிகுடாவில் ஒரு கடற்படை அழிந்தது. ஜூலை 3-இல் சாந்தியாகோவிலிருந்து வெளியே வந்த செர்வேராவின் ஆறு கப்பல்களும் சில மணி நேரத்தில் அழிந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட ஸ்பானிய மாலுமிகள் இறந்தார்கள், அமெரிக்கத் தரப்பில் இறந்தவர் ஒருவர்.

ஏன் போனார்கள்? கியூபாவைச் சண்டையில்லாமல் கொடுத்தால் ராணுவம் அரண்மனையைக் கவிழ்க்கும், கார்லிஸ்டுகள் கிளம்புவார்கள், 11 வயதுச் சிறுவனின் அரியணை போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். தோற்றுக் கொடுத்தால் மானம் மிஞ்சும் என்று நினைத்தார்கள். அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. அரியணை விழவில்லை. ஆனால் அந்த மானத்துக்காகச் செத்தவர்கள் யார்? 1895 முதல் கியூபாவுக்கு அனுப்பப்பட்ட சுமார் 2 லட்சம் வீரர்களில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. குண்டு பட்டுச் செத்தவர்கள் மிகச் சிலர். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோனவர்களே அதிகம். 2,000 பெசெத்தா கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். 1888-இல் கஸ்ஸோலாவின் மசோதா நிறைவேறியிருந்தால், அமைச்சர்களின் மகன்களும் அந்தக் கப்பல்களில் ஏறியிருப்பார்கள். அப்போது போரைத் தொடர்வது இவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

டிசம்பர் 10-இல் பாரிஸில் ஒப்பந்தம். கியூபா போனது. புவேர்த்தோ ரிக்கோவும் குவாமும் போயின. பிலிப்பீன்ஸ் 2 கோடி டாலருக்குக் கைமாறியது. 1899 மார்ச்சில் சகாஸ்தா விலகினார், கானோவாஸின் கன்சர்வேட்டிவ் கட்சியைச் சேர்ந்த சில்வெலா வந்தார். நாட்டை உலுக்கிய தோல்விக்குப் பிறகும் அதே இரு கட்சி முறை இம்மி நகரவில்லை.

1901 மார்ச்சில் அரசி அவரை மறுபடி அழைத்தார். அந்தக் கடைசி ஆட்சியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஊராட்சிகள் மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்த பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை அரசே கொடுக்கத் தொடங்கியது. கல்வி அமைச்சர் ரோமனோனெஸ் செய்த வேலை அது. 1902 மே 17-இல், 16 வயது நிறைந்த பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ அரசியல் சட்டத்தின் மேல் உறுதிமொழி எடுத்தார். அன்றே நடந்த முதல் அமைச்சரவைக் கூட்டத்தில், பட்டங்களும் ராணுவப் பதவிகளும் கொடுப்பது தன் உரிமை என்று அந்த இளைஞர் சட்டப் பிரிவைப் படித்துக் காட்டியதாக ரோமனோனெஸ் பின்னாளில் எழுதி வைத்தார். பதினாறு வருடம் தொட்டிலிலிருந்து காத்து வளர்த்த மன்னர், முதல் நாளிலேயே ராணுவத்தின் பக்கம் கையை நீட்டுகிறார். சகாஸ்தாவுக்கு 76 வயது, உடம்பு தளர்ந்திருந்தது. டிசம்பரில் பதவி விலகினார். 1903 ஜனவரி 5-இல் மாட்ரிட்டில் இறந்தார்.

மேய்ப்பர் போனதும் மந்தை சிதறியது. 1905 ஜூன் முதல் 1907 ஜனவரி வரை ஐந்து லிபரல் அமைச்சரவைகள் வந்து போயின, அவற்றில் ஒன்று நாள் கணக்கில்தான் நின்றது. 1923 செப்டம்பரில் ஜெனரல் பிரிமோ தெ ரிவேரா ஆட்சியைப் பிடித்தபோது, அதே பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ அவரை ஏற்றுக்கொண்டார். சகாஸ்தாவின் ஜூரி முறை அந்த மாதமே நிறுத்தப்பட்டது. இடையில் இரண்டாம் குடியரசு அதை மீட்டாலும், சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் மறைந்து, 1995-இல் புதிய சட்டம் வழியாகத்தான் திரும்பியது. 1889 சிவில் சட்டத் தொகுப்பு மட்டும் இடையில் நிற்கவே இல்லை. பல திருத்தங்களோடு இன்றும் ஸ்பெயின் நீதிமன்றங்களில் அதுதான் நடப்பில் இருக்கிறது.